கயிறு தாங்கும், அதைப் பிடிப்பவர் யார்?

கேள்வி: எனக்கு வயது 43, எடை 86 கிலோ. அடுத்த மாதம் கணவர், 12 வயது மகள், நான் மூவரும் ஒரு கடற்கரை ஊருக்குச் சுற்றுலா போகிறோம். தங்கும் விடுதியிலேயே ‘வழிகாட்டியுடன் அரை நாள் பாறையேற்றம், முன் அனுபவம் தேவையில்லை’ என்று பதிவு செய்கிறார்கள். மகள் பிடிவாதமாக இருக்கிறாள், எனக்கும் ஆசைதான். ஆனால் என் எடையைக் கயிறு தாங்குமா? நான் ஏறும்போது கணவரே கீழே நின்று கயிறு பிடிக்கலாம் என்கிறார்கள். அது சரியா?

பதில்: கயிறு தாங்கும். கணவர் பிடிக்கக் கூடாது. உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது, இந்த இரண்டையும்விட அதுதான் முக்கியம்.

முதலில் எடை. பாறையேற்றக் கயிறு எப்படிச் சோதிக்கப்படுகிறது தெரியுமா? 80 கிலோ எடையைக் கட்டி, ஏறக்குறைய ஐந்து மீட்டர் விழவிடுவார்கள். ஒரே கயிறு குறைந்தது 5 முறை அப்படி விழுந்தும் அறக் கூடாது. கயிற்றைக் கோர்க்கும் கராபினர் என்ற உலோக வளையம் நீளவாக்கில் 20 கிலோநியூட்டன், அதாவது சுமார் இரண்டு டன் இழுவையைத் தாங்க வேண்டும். உங்களை ஏற்றப்போவதும் ‘டாப் ரோப்’ முறையில்தான். கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி நீங்கள், கப்பி பாறையின் உச்சியில், கயிற்றின் மறுமுனை கீழே நிற்பவர் கையில். நீங்கள் ஏற ஏற அவர் தொய்வை இழுத்துக்கொண்டே இருப்பார். கை வழுக்கினால் பெரிய விழுகை கிடையாது, இருந்த இடத்திலேயே தொங்குவீர்கள். 86 கிலோ இந்த ஏற்பாட்டுக்கு ஒரு எடையே இல்லை.

எடை விளையாடும் இடம் வேறு. இந்தக் கயிறுகள் இழுபடும், அந்த இழுபாடுதான் உங்கள் முதுகைக் காப்பாற்றுகிறது. ஆனால் 20 மீட்டர் பாறையில் நீங்கள் தரையில் நிற்கும்போது, மேலே போய்த் திரும்பி வரும் கயிறு 40 மீட்டர். முதல் ஆள் உயரத்திலேயே கை விட்டால், கயிறு இழுபட்டுக் கால் தரையைத் தொட்டுவிடும். கணுக்கால் மடங்குவது பெரும்பாலும் உச்சியில் இல்லை, இங்கேதான். அதனால் ஏறத் தொடங்கும்போது கயிறு விறைப்பாக இருக்கட்டும், ‘இன்னும் இழுங்கள்’ என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். உங்களைவிட மிகவும் இலேசான ஆள் கயிறு பிடித்தால் அவரே தரையிலிருந்து தூக்கப்படலாம். எடையை முன்கூட்டியே சொல்லுங்கள், குறைத்துச் சொல்லாதீர்கள். விவரம் தெரிந்த வழிகாட்டி தன்னைத் தரையோடு கட்டிக்கொள்வார்.

அடுத்து, இடுப்பில் மாட்டும் ஹார்னெஸ். பட்டை இடுப்பெலும்புக்கு மேலே, வயிற்றின் ஒடுங்கிய இடத்தில் உட்கார வேண்டும். பூட்டியதும் இரண்டு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கி இழுங்கள். எலும்பைத் தாண்டி இறங்குகிறது என்றால் அந்த அளவு உங்களுக்கு இல்லை. பக்கிளுக்கு வெளியே பட்டையின் நுனி நான்கு விரல் அகலமாவது நீண்டிருக்க வேண்டும். கடைசி வரை இழுத்தும் நுனி அவ்வளவு வரவில்லை என்றால் பெரிய அளவு கேளுங்கள். பெரிய அளவு இல்லை என்றால் ஏறாதீர்கள். ‘பரவாயில்லை மேடம், தாங்கும்’ என்று சொல்பவர் தன்னிடம் வேறு ஹார்னெஸ் இல்லாததைத்தான் அப்படிச் சொல்கிறார்.

சரி, நீங்கள் கேட்காத கேள்வி. உங்களை ஏற்றப்போகிறவர் யார்?

விடுதி மேசையில் இருப்பவருக்கு அது தெரியாது. அவர் சீட்டை ஒரு ஏஜென்டுக்கு அனுப்புவார், ஏஜென்ட் அன்று காலை யார் காலியாக இருக்கிறாரோ அவருக்கு அனுப்புவார். படகுச் சவாரி, சாப்பாடு, புகைப்படம் எல்லாம் சேர்த்த ஒரே கட்டணத்தில், உங்கள் உயிரைக் கையில் பிடிக்கப்போகிறவருக்குப் போய்ச்சேரும் பங்குதான் ஆகக் குறைவு. நடுவில் இருப்பவர்கள் தலையை எண்ணுகிறார்கள். தலை கூடக் கூட ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று ஆகிவிடும். அப்போதுதான் ‘உங்கள் கணவரே பிடிக்கட்டும்’ என்ற பேச்சு வருகிறது. அதை ஏதோ பயிற்சி அனுபவம் என்பது போலச் சொல்வார்கள். உண்மையில் ஆள் பற்றாக்குறை. கயிறு பிடிப்பது, நாங்கள் பெலே என்பது, பத்து நிமிடத்தில் காட்டிக்கொடுக்கக்கூடியதுதான். ஆனால் யாரோ திடீரென்று விழும்போது கை தானாகவே சரியான பக்கத்தை இறுக்கிப் பிடிப்பது பத்து நிமிடத்தில் வராது. கயிற்றின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்த கை ஒரு நொடிகூட விலகக் கூடாது. கயிற்றைத் தானே இறுக்கிப் பிடிக்கும் கருவி இருந்தாலும் அப்படித்தான். புதியவர் பதற்றத்தில் செய்யும் முதல் காரியம், அந்தக் கையை விட்டுவிட்டு மேலே செல்லும் கயிற்றைப் பிடிப்பது.

எனவே விடுதியில் பணம் கட்டாதீர்கள். வழிகாட்டியின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல முடியவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாறையேற்றம் மட்டுமே நடத்தும் பள்ளியிடம் நேரடியாகப் பேசி, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், கயிறு பிடிப்பவர் யார் என்று கேளுங்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் நான் என் குடும்பத்தை அனுப்ப மாட்டேன்.

‘சான்றிதழ் பெற்ற வழிகாட்டி’ என்று எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். எங்கே பெற்றது என்று கேளுங்கள். மலை வழிகாட்டிகளுக்கான சர்வதேச சம்மேளனம் 1965-லிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகளின் வழிகாட்டிகள் அட்டை வைத்திருப்பார்கள். பல நாடுகளில் பாறையேற்றத்துக்கு மட்டுமான பயிற்றுநர் தகுதியும் தனியாக உண்டு, உங்களுக்கு அதுவே போதும். இரண்டு நாள் வகுப்பில் கலந்துகொண்டதற்குக் கொடுத்த காகிதம் தகுதி ஆகாது.

இந்த விஷயத்தில் எனக்கு அரசுகள் மேல் கோபம் உண்டு, மறைக்கவில்லை. பிரான்ஸில் அரசு டிப்ளமா இல்லாமல் பணம் வாங்கிக்கொண்டு யாரையும் பாறையில் ஏற்ற முடியாது. சட்டம் அப்படி. பல இடங்களில் அப்படி எதுவுமே இல்லை. வாடகைக் கார் ஓட்ட உரிமம் கேட்கிறவர்கள், ஒருவரை இருபது மீட்டர் உயரத்தில் தொங்கவிட எதையும் கேட்பதில்லை. பிரிட்டனில் 1993-இல் லைம் விரிகுடாவில் கயாக் பயிற்சிக்குப் போன நான்கு பதின்வயதுப் பிள்ளைகள் இறந்த பிறகுதான், சாகச மையங்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 1995-இல் வந்தது. அதுவும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு மட்டும். பெரியவர்களுக்கு என்ன, உயிர் இல்லையா?

காப்பீட்டின் கதையும் இதேதான். பயணக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ‘கயிறோ வழிகாட்டியோ தேவைப்படும் ஏற்றங்கள்’ என்று ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். கயிறு போட்டு, வழிகாட்டி வைத்து, பத்திரமாக ஏறுபவருக்குக் காப்பீடு இல்லை என்று அதற்கு அர்த்தம். யார் எழுதிய வரியோ, பல ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. முகவர் வாயால் ‘கவர் ஆகும்’ என்று சொல்வது செல்லாது. ‘வழிகாட்டியுடன் டாப் ரோப் பாறையேற்றம் இதில் அடங்குமா?’ என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முடிச்சு. வழிகாட்டி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதை நீங்களே பார்க்க வேண்டும், பார்க்க உங்களால் முடியும். 1989-இல் பிரான்ஸின் பியூ என்ற இடத்தில் லின் ஹில் ஏறினார். அன்றைய உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவர். கயிற்றை ஹார்னெஸில் நுழைத்தவர், கவனம் சிதறி, முடிச்சைப் போட்டு முடிக்கவில்லை. மேலே அணிந்திருந்த ஜாக்கெட் அதை மறைத்துவிட்டது. உச்சி வரை ஏறி, இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தபோது கயிறு உருவிக்கொண்டு வந்துவிட்டது. 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகளில் பட்டு விழுந்ததால் பிழைத்தார். அவருக்கே நடந்தது என்றால் காலையிலிருந்து பத்துப் பேருக்கு முடிச்சுப் போட்ட வழிகாட்டிக்கு நடக்காதா?

அந்த முடிச்சு எண் 8 போல இருக்கும். போட்டு முடித்ததும் அதைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். எந்த இடத்தில் பார்த்தாலும் கயிறு இரட்டையாக, பக்கத்தில் பக்கமாக ஓட வேண்டும். இந்த ஜோடிகளை எண்ணினால் ஐந்து வரும். ஒரு இடத்தில் ஒற்றையாகத் தெரிந்தால் நிறுத்துங்கள். பிறகு, முடிச்சின் கண்ணி உங்கள் ஹார்னெஸின் இடுப்பு வளையம், கால் வளையம் இரண்டையும் கோத்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். ஒரு முறை நானே பயணியாகப் போன இடத்தில், எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கால் பட்டை பூட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்ட வேண்டியவர் அவருக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் கத்தியதில் அந்தப் பெண் பயந்துபோனார். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கயிற்றைத் தொங்கவிடப் பாறையில் அடித்திருக்கும் போல்ட்டுகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அது வழிகாட்டியின் வேலை என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். ஆனால் நீங்கள் போவது கடற்கரை ஊர். அதனால் இங்கே மட்டும் விதிவிலக்கு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெப்பமான கடலோரத்துச் சுண்ணாம்புப் பாறையில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் உடையும். வெளியே பளபளவென்று இருக்கும், துருக்கறைகூடத் தெரியாது. உள்ளே உப்பும் இழுவையும் சேர்ந்து மயிரிழை விரிசல்களை ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கராபினரை மாட்டி இழுத்தால் கையோடு வரும். தாய்லாந்தின் ரைலே, டோன்சாய் பாறைகளில் இப்படிப் போல்ட்டுகள் உடைந்த பிறகுதான் டைட்டானியத்துக்கு மாறினார்கள். டைட்டானியம் மங்கிய சாம்பல் நிறம். பெரும்பாலும் நட்டு, தகடு எதுவும் இல்லாமல், பாறைக்குள் பசை வைத்து ஒட்டிய ஒரு கொக்கி மாதிரி இருக்கும். எஃகு என்றால் நட்டும் தகடும் மின்னும். கீழே நின்று பார்த்து உங்களால் முடிவு செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். கேட்டால் போதும். ‘உச்சியில் இருப்பது டைட்டானியமா? எந்த ஆண்டில் போட்டது? கயிறு எத்தனை போல்ட்டில் தொங்குகிறது?’ கடைசிக் கேள்விக்கு இரண்டு என்ற பதில் வர வேண்டும், ஒன்று என்றால் வேண்டாம். உள்ளூரில் நாள்தோறும் ஏறுபவருக்கு இந்த மூன்றும் நாக்கு நுனியில் இருக்கும். ‘எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒன்றும் ஆகாது’ என்று சொல்பவருக்குத் தான் நிற்கும் பாறையைப் பற்றித் தெரியவில்லை. பாறை ஓட்டையில் நுழைத்துக் கட்டிய, வெயிலில் வெளுத்த நாடாவில் கயிற்றைத் தொங்கவிட்டாலும் திரும்பிவிடுங்கள். வெயில் நைலானின் பலத்தைத் தின்றுவிடும். கடலிலிருந்து பாறை எவ்வளவு உள்ளே தள்ளி இருந்தால் இந்தப் பயம் இல்லை என்று கேட்பீர்கள். உப்புக் காற்று வீசும் இடம் என்றால் அதைக் கடலோரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒல்லியான பிள்ளைகளுக்கு இடுப்பு இன்னும் உருவாகியிருக்காது. இடுப்பு ஹார்னெஸ் மாட்டித் தலைகீழாகத் திரும்பினால் வழுக்கி வெளியே வந்துவிட வாய்ப்புண்டு. பட்டை அவள் இடுப்பில் நிற்கவில்லை என்றால் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னெஸ் வேண்டும். பதிவு செய்யும்போதே அவளுடைய வயதையும் எடையையும் சொல்லி, இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மோதிரத்தை அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பாறை விளிம்பில் மோதிரம் மாட்டிக்கொண்டு உடல் தொங்கினால் விரல் போய்விடும். முடியை இறுக்கிக் கட்டுங்கள். ஷூ இறுக்கமாகத்தான் இருக்கும், அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளலாம். அப்புறம் ஹெல்மெட். அது ஏறுபவருக்கு மட்டும் இல்லை. மகள் மேலே இருக்கும்போது அவள் கால் தட்டிவிடும் கல் கீழே நிற்கும் உங்கள் தலையில்தான் விழும். அவள் ஏறும்போது படம் எடுக்கப் பாறையின் அடியில் போய் நிற்காதீர்கள். பத்து அடி தள்ளி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், பக்கவாட்டில் நின்று எடுங்கள்.