முன்னாள் ராணுவ வீரருக்கு அரசு செலவில் வழக்கு நடத்தித் தருவார்களா?

கேள்வி: என் சித்தப்பா ராணுவத்தில் 9 ஆண்டு இருந்தார். உடல்நிலையைக் காரணம் காட்டி அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கிடையாது. ஊரில் அவர் பங்கு நிலத்தைப் பங்காளி உழுதுகொண்டிருக்கிறார். வக்கீல் வைக்க வசதியில்லை. இலவசமாக வழக்கு நடத்தித் தருவார்களா?

பதில்: தருவார்கள். வெறும் ஆலோசனையோடு நிறுத்த மாட்டார்கள். உங்கள் சித்தப்பாவுக்காக வக்காலத்து போட்டு, வழக்குரை எழுதி, தீர்ப்பு வரை ஆஜராகும் வக்கீலையே நியமிப்பார்கள். நீதிமன்றக் கட்டணம், சம்மன் செலவு, சான்றிட்ட நகல் செலவு எல்லாம் அதில் அடங்கும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இதை உரிமையாகவே வைத்திருக்கிறது. இப்படி நியமிக்கப்படும் வக்கீல்களின் பட்டியலில் (பேனல்) இருந்து வேலூர் மாவட்டத்தில் வேலை செய்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தகுதி. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 15 ஆண்டு முடித்து பென்ஷன் வாங்கும் சிப்பாய்க்கே அகவிலைப்படியும் சேர்த்தால் வருமானம் பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டிவிடும். அதனால் "பட்டாளத்துக்காரருக்கு இலவச வக்கீல் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். பட்டாளத்திலிருந்து வந்த எல்லோருக்கும் பென்ஷன் வருவதாக நினைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி இது. 15 ஆண்டு முடிக்காமல் வீட்டுக்கு வந்தவர்கள், பதிவேட்டில் பெயர் ஏறாததால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையும் விதவைகள், இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு படைவீரர் இருக்கும் ஊர் உள்ள எங்கள் மாவட்டத்திலும் இதே நிலைதான். இந்தச் சட்ட உதவி முதலில் போய்ச் சேர வேண்டியது இவர்களுக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

வருமானத்துக்குத் தாசில்தார் சான்று கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி உங்கள் சித்தப்பா கொடுக்கும் பிரமாணப் பத்திரமே போதுமானதாக ஏற்கப்படலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. கணவரை இழந்த பெண் எவ்வளவு ஓய்வூதியம் வாங்கினாலும் விண்ணப்பிக்கலாம்.

சரி, நிலத்துக்கு வருவோம். இதில் நாள்தான் முக்கியம். நிலம் ஏற்கெனவே பாகம் பிரித்து சித்தப்பா பெயரில் இருந்தால், பங்காளி நிலத்தை அனுபவித்து வருவது சித்தப்பாவின் உரிமைக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தென்றால் நிலைமை வேறு. ஒரு பங்குதாரர் உழுவது எல்லாப் பங்குதாரர்களுக்காகவும் உழுவதாகவே சட்டம் பார்க்கும். ஆனால் "உனக்கு இதில் பங்கே இல்லை" என்று அவர் வெளிப்படையாக விலக்கிவிட்டால், அது சித்தப்பாவுக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கும். பணியில் இருந்தபோது ஊரில் நடந்தது அவருக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். அதனால் எது எப்போது நடந்தது என்று அவரோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, தாத்தா காலத்துப் பத்திரம் என்று கையில் இருப்பதையெல்லாம் சேர்த்து எடுத்துப் போங்கள்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உடல்நிலையைக் காரணம் காட்டி அவரை அனுப்பினார்களே, நிலத்தைவிட அவருக்குப் பெரிய உரிமை அதில் இருக்கலாம். மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்பட்டவருக்கு, அந்த நோய் அல்லது காயம் பணியால் வந்தது, அல்லது பணியால் அதிகமானது என்றால், 15 ஆண்டு முடிக்காவிட்டாலும் இயலாமை ஓய்வூதியம் உண்டு. சேரும்போது மருத்துவப் பதிவில் குறை எதுவும் குறிக்கப்படாமல், பிறகு நோயால் அனுப்பப்பட்டால், அது பணியால் வந்ததென்றே முதலில் கருத வேண்டும், இல்லையென்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மருத்துவ வாரிய நடவடிக்கைத் தாள்களையும் தேடுங்கள். இல்லையென்றால் அவருடைய பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்கள். ஓய்வூதியம் கேட்டு மறுக்கப்பட்டால், படைவீரர்களின் பணி, பென்ஷன் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குப் போகலாம். இலவச சட்ட உதவி தீர்ப்பாய வழக்குகளுக்கும் பொருந்தும். மறுப்பு வந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். ஆனால் பல ஆண்டு கழித்து ஜெயித்தால் நிலுவைத் தொகை பொதுவாக மனுப் போட்டதற்கு முந்தைய 3 ஆண்டுக்குத்தான் கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவருக்கு நஷ்டம்.

இந்த வேலையில் என்னை மிகவும் வருத்துவது கடன் விவகாரம். பென்ஷன் வரும் வீடுகளில் வட்டிக்குக் கொடுத்தவர் ஏடிஎம் கார்டையும் பென்ஷன் ஆணையையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி கடன்காரர் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. இனி வரப்போகும் பென்ஷனை அடமானமாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. உங்கள் சொந்தத்தில் யாருக்காவது இப்படி நடந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.

எங்கே போவது? உங்கள் வட்ட நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். தயக்கமாக இருந்தால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலேயே கேளுங்கள். 2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா யோஜனா, இந்த மாதிரி அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் வைக்கும் திட்டம்தான். எதுவும் தெரியாவிட்டால் சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்யுங்கள்.

"பிச்சை வாங்க மாட்டேன்" என்று சித்தப்பா மறுக்கலாம். பட்டாளத்துக்காரர்களிடம் இதை நிறையக் கேட்கிறேன். அரசியல் சட்டத்தின் 39ஏ பிரிவைக் காட்டுங்கள். பணமில்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசுக்கு விதித்த கடமை அது.

அப்புறம், நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வாய்தாவுக்கு வராமல் போனாலும் விடாதீர்கள். ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அவர் ஒரு நீதிபதி. வேறு வக்கீலை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.