புறக்கோட்டைக்கு ரோபோ வருமா?

களஞ்சியம், லொறி, கணக்கு ஆகியவற்றைப் பற்றிய கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை செயற்கை நுண்ணறிவைப் பற்றியவை. கிராண்ட்பாஸில் ஓர் இறக்குமதியாளரின் ஸ்டோர்ஸில் பேனாவும் இடாப்புமாக வேலை தொடங்கியவனிடம் போய் இதைக் கேட்கிறீர்களே என்று சிரித்தேன். ஆனால் கேள்விகள் சிரிக்கக்கூடியவை அல்ல.

கேள்வி: பால்மா, பிஸ்கட், சவர்க்காரம் ஆகியவற்றைக் கடைகளுக்கு விநியோகிக்கிறோம். எந்தச் சரக்கு எப்போது எவ்வளவு போகும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடும் என்கிறார்கள் மென்பொருள் விற்க வந்தவர்கள். எங்களிடமோ கணினியில் உள்ள இருப்பும் இறாக்கையில் உள்ள இருப்பும் ஒருநாளும் பொருந்துவதில்லை. வாங்கலாமா?
– விநியோகஸ்தர், பேலியகொடை

பதில்: பொருந்தாத இருப்பைச் சரிசெய்யும் வரை வாங்காதீர்கள். கணினி 40 பெட்டி என்கிறது, இறாக்கையில் 31தான் இருக்கிறது என்றால், 40ஐ நம்பிக் கணக்குப் போடுவது மனிதனானாலும் இயந்திரமானாலும் ஓடர் பிழையாகத்தான் போகும். தினமும் ஒரு வரிசை இறாக்கையை எண்ணுங்கள். ஆண்டு முடிவில் கதவை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக எண்ணுவதைவிட இது மேல். பிழை சில நாட்களுக்குள் பிடிபட்டால், எந்த பில்லில் யார் மாற்றி எழுதினார் என்பது நினைவில் இருக்கும். டிசம்பரில் பிடிபட்டால் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்தது உங்கள் பழைய விற்பனைக் கணக்கு. இந்த மென்பொருள்கள் நடந்ததைப் படித்துத்தான் நடக்கப்போவதை ஊகிக்கின்றன. நமக்கு நடந்தது என்ன? 2020இல் ஊரடங்கு. அதன்பின் பால்மாவுக்கு வரிசை. 2022இல் டீசல் இல்லாமல் லொறிகள் நின்றன. பால்மா வராத கிழமையில் உங்கள் பில்களில் பால்மா விற்பனை பூச்சியம். அதைப் படிக்கும் இயந்திரம், அந்தக் கிழமையில் பால்மாவை யாருமே கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ளும். கடை வாசலில் நின்ற சனம் பில்லில் இல்லையே! ஆகவே சரக்கு இல்லாதிருந்த நாட்களைத் தனியே குறித்துக் கொடுக்க வேண்டும். இன்றும் இதே கதைதான். ஒரு கடைக்காரர் 10 பெட்டி கேட்டு நீங்கள் 6 கொடுத்தால், பில்லில் 6 மட்டுமே பதிவாகிறது. கேட்டது 10 என்பதை எழுத ஒரு பத்தி திறவுங்கள். அதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவையில்லை, ஒரு பேனா போதும்.

பண்டிகை இன்னொரு தலைவலி. சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் நடுவில் அசையாமல் நிற்கிறது. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் ஒக்டோபர் 31, 2025இல் ஒக்டோபர் 20. நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது. 2030இல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையுமாக இரண்டு தடவை தொடங்கும். சென்ற ஆண்டின் இதே மாதத்தை மட்டும் பார்க்கும் மென்பொருளிடம் பேரீச்சம்பழ ஓடரை ஒப்படைத்தால், பெருநாள் முடிந்த பிறகு கொள்கலன் வந்து நிற்கும். நம் பண்டிகைகளையும் போயா தினங்களையும் எங்கே பதிவு செய்வது என்று வந்தவர்களிடம் கேளுங்கள். இயந்திரம் தானே கற்றுக்கொள்ளும் என்று மழுப்பினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கும் எண்ணம் இருந்தால், விலை பேசுமுன் ஒரு சோதனை வையுங்கள். 2024 டிசம்பர் வரையிலான கணக்கை மட்டும் கொடுத்துவிட்டு, 2025இன் கணக்கை உங்கள் மேசை இழுப்பறையில் பூட்டி வையுங்கள். 2025இல் மாதாமாதம் என்ன போயிருக்கும் என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, 2024இன் அதே மாத விற்பனையைப் பண்டிகைக்கு ஏற்ப நகர்த்தி நீங்கள் போட்ட சாதாரணக் கணக்கையும் வையுங்கள். பிறகு இழுப்பறையைத் திறவுங்கள். உங்கள் கணக்கையே முந்த முடியாத மென்பொருளுக்கு எதற்கு மாதச் சந்தா?

கேள்வி: என் அப்பா புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் நாட்டாமையாக மூட்டை சுமக்கிறார். வெளிநாட்டுக் களஞ்சியங்களில் ரோபோக்கள் ஓடும் காணொளியைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. அவருடைய வேலை போய்விடுமா?
– மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, நீங்கள் பார்த்தது அமேசான் களஞ்சியமாக இருக்கலாம். அந்த நிறுவனம் 2012இல் கீவா என்ற ரோபோ நிறுவனத்தை 775 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2025இல் தன்னிடம் உள்ள ரோபோக்கள் 10 இலட்சத்தை எட்டிவிட்டதாக அறிவித்தது. தட்டையான அந்த இயந்திரங்கள் இறாக்கையின் அடியில் நுழைந்து, அதை அப்படியே தூக்கி ஆளிடம் கொண்டுவருகின்றன. அவற்றுக்குச் சமதளத் தரையும் விசாலமான கூடமும் ஒழுங்கான இறாக்கைகளும் வேண்டும். நான்காம் குறுக்குத் தெருவில் பகல் பதினொரு மணிக்கு ஒரு தள்ளுவண்டியே திரும்ப முடியாது. குறுகிய படிக்கட்டில் வெங்காய மூட்டையுடன் ஏறும் ரோபோவை நான் கண்டதில்லை.

ஆனால் பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ரோபோ அந்தத் தெருவுக்கு வராது, சரக்குத்தான் அந்தத் தெருவை விட்டுப் போகும். புறக்கோட்டையில் இருந்த மெனிங் மரக்கறிச் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்குப் போனதை அப்பா அறிவார். மீன் சந்தை அதற்கு முன்பே போய்விட்டது. மொத்த வியாபாரிகளின் ஸ்டோர்ஸும் அகலமான கட்டடங்களுக்கு நகர நகர, ஃபோர்க்லிஃப்ட் வரும், பார்கோட் வரும், சுமக்கும் ஆட்கள் குறைவார்கள். அங்கும் ஓர் இடத்தில் அனுபவசாலி தேவைப்படுவார்: லொறியிலிருந்து சரக்கை ஏற்கும் வாசலில். ஈரம் பட்ட சீனி மூட்டையையும் எடை குறைந்த பருப்பு மூட்டையையும் தோள் அறியும். அப்பாவின் முதலாளி பேலியகொடை, வத்தளைப் பக்கம் கட்டடம் பார்க்கிறாரா என்று விசாரியுங்கள். பார்க்கிறார் என்றால், அந்த வாசல் வேலையை அப்பா இப்போதே கேட்டுவைக்கட்டும். ஸ்கேனரைப் பிடிக்க நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் ஸ்டோர்ஸ் வெல்லம்பிட்டியில். சரக்கை எங்கே அடுக்குவது என்று சொல்லும் மென்பொருள் போட்டிருக்கிறோம். அதிகம் போகும் பெட்டிகளைக் கீழ்த் தட்டில் வைக்கச் சொல்கிறது. எங்கள் பழைய ஸ்டோர் கீப்பர் முடியவே முடியாது என்கிறார். யார் சொல்வது சரி?
– முகாமையாளர், வெல்லம்பிட்டி

பதில்: இருவரும்! களஞ்சியத்தில் சரக்கு எடுப்பவரின் நேரத்தில் ஏறத்தாழ பாதி நடையிலேயே கழிகிறது என்று பாடநூல்கள் சொல்லும். ஓடும் சரக்கை வாசலுக்கு அருகே, கைக்கு எட்டும் உயரத்தில் வைப்பதுதான் முறை. மென்பொருள் அதைத்தான் செய்கிறது. ஆனால் 2016 மே மாதம் களனி கங்கை உங்கள் ஊருக்குள் வந்தது அதற்குத் தெரியாது, உங்கள் ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அவரையே சுவரில் காட்டச் சொல்லுங்கள். அந்த உயரத்துக்குக் கீழே மாவும் பிஸ்கட்டும் கூடாது, கண்ணாடிப் போத்தல்களும் பிளாஸ்டிக் சாமான்களும் மட்டுமே என்று ஒரு விதியை மென்பொருளில் ஏற்றச் சொல்லுங்கள். இது செய்யக்கூடியதுதான். செய்ய மறுத்தால் உங்களுக்கு விற்றவரை அழையுங்கள், ஸ்டோர் கீப்பருடன் மல்லுக்கட்டாதீர்கள்.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் என் கடையின் இருப்புக் கணக்கை ஒப்படைக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கூடாது. பில்லைப் படமெடுத்துக் கொடுத்து அட்டவணையாக்கச் சொல்லலாம், வழங்குநருக்குக் கடிதம் எழுதச் சொல்லலாம். கணக்கை எக்செல்லில் வையுங்கள். அட்டவணை வந்ததும் மொத்தத் தொகை பில்லுடன் பொருந்துகிறதா என்று நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.