கார் கேள்வி நேர் பதில்: பெயர் பழசு, வண்டி புதுசு

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதினாலும் எழுதினேன், வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. தோல் டேனரி முதலாளிகள் வீட்டு ஷெட்டில் நின்ற நீள நீளமான வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் இருக்கிற ஊர்கள், அதனால் இருக்கலாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பிராங்கோ, பிளேசர், மேவரிக் என்று அறுபது எழுபதுகளின் பெயர்களையே அமெரிக்கக் கம்பெனிகள் திரும்பத் திரும்ப வைக்கிறார்களே, புதுப் பெயருக்கா பஞ்சம்? (ஆம்பூர் வாசகர்)

ஒரு வகையில் பஞ்சம்தான். சின்னதாக, வாயில் நுழைகிற மாதிரி எந்தப் பெயரை யோசித்தாலும் அதை யாராவது ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருப்பார்கள். புதுப் பெயரை ஜனங்கள் மனதில் பதிய வைக்க விளம்பரத்துக்குக் கொட்ட வேண்டும், பழைய பெயருக்கு அந்தச் செலவு பாதி மிச்சம். அப்புறம் சட்டம். அமெரிக்காவில் ஒரு டிரேட்மார்க்கைத் தொடர்ந்து 3 வருஷம் பயன்படுத்தாமல் விட்டால் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ளலாம், கைவிடவில்லை என்று நிரூபிப்பது உரிமைக்காரர் பாடு. ஃபோர்டுக்கே அந்தச் சூடு பட்டது: லு மான்ஸ் கார் பந்தயத்தில் ஜெயித்த தன்னுடைய ஜிடி40-ஐ 2000-களில் மறுபடி செய்யக் கிளம்பியபோது அந்தப் பெயர் வேறொரு கம்பெனி கையில் இருந்தது. பேரம் படியவில்லை, வண்டி வெறும் 'ஜிடி' என்றே வெளிவந்தது.

பெயரைத் திரும்ப வைப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஃபோர்டின் பிராங்கோ 1966-இல் ஆரம்பித்து 1996-இல் நின்றது, 2021-இல் திரும்ப வந்தபோது கதவையும் கூரையையும் கழற்றலாம், தனி சேஸிஸ் (அடிச்சட்டம்), காட்டுக்குள் போகிற நாலு சக்கர ஓட்டம் எல்லாம் இருந்தது, அது நியாயமான வாரிசு. செவ்ரோலேயின் பிளேசர் அப்படியில்லை. 1969-இல் பிக்கப்பை வெட்டிக் குறுக்கிச் செய்த முரட்டு வண்டியின் பெயரை 2019 மாடலில் கடைக்குப் போய் வருகிற ஒரு குடும்ப வண்டிக்கு ஒட்டினார்கள், ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஃபோர்டின் மேவரிக் 1970-இல் மலிவு விலைச் சின்னக் கார், இப்போது குட்டி பிக்கப். அதற்கு யாரும் கண்ணீர் விடவில்லை, பழையதை யாரும் கொண்டாடியிருந்தால்தானே!

ஃபோர்டின் மின்சார மஸ்டாங் மாக்-இ நிஜ மஸ்டாங்தானா? ஹாஸ்டலில் தினமும் சண்டை. (காட்பாடி கல்லூரி மாணவர்)

சண்டையை நிறுத்துங்கள், அது மஸ்டாங் இல்லை. மின்சாரத்தில் ஓடுகிறது என்பதால் சொல்லவில்லை. மஸ்டாங் என்றால் நீண்ட முன்பக்கம், குட்டையான பின்பக்கம், இரண்டு கதவு, இளைஞன் சம்பளத்துக்குள் ஒரு விலை. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டியபோது ஆரம்ப விலை 2,368 டாலர். உள்ளே இருந்ததெல்லாம் பெரும்பாலும் ஃபால்கன் என்கிற சாதுவான குடும்பக் காரின் பாகங்கள்தான், அதை மறந்துவிட்டுத்தான் ரசிகர்கள் ரத்த சுத்தம் பேசுகிறார்கள். 2019-இல் காட்டிய மாக்-இ நாலு கதவு எஸ்யூவி, 1969-இன் மாக் 1 பெயரிலிருந்து பாதியைப் பிய்த்துக்கொண்டது, மூஞ்சியில் ஃபோர்டு சின்னம்கூட இல்லாமல் மஸ்டாங்கின் குதிரைச் சின்னம் மட்டும் நிற்கிறது. ஆனால் இரண்டு கதவு மஸ்டாங்கும் பக்கத்திலேயே விற்பனையில் இருப்பதால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக் இப்போது பேட்டரியில் ஓடுகிறதே, அது சேத்தக்கா என்று ஹாஸ்டலில் யாராவது சண்டை போட்டார்களா? ஸ்கூட்டர் ஸ்கூட்டராகவே இருந்தது, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

பெயரைக் கெடுத்ததில் முதல் பரிசு யாருக்கு? (குடியாத்தம் வாசகி)

ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிராண்டுக்குத்தான், யோசிக்கவே வேண்டாம். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. பான்டியாக் ஆட்கள் 1964-இல் டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற காருக்கு 389 கன அங்குல (சுமார் 6.4 லிட்டர்) எட்டு சிலிண்டர் வி8-ஐ, வேண்டுமென்றால் வாங்கிக்கொள்கிற கூடுதல் வசதி என்று காகிதத்தில் காட்டி விதிக்கு டிமிக்கி கொடுத்தார்கள். அதுதான் ஜிடிஓ (அந்தப் பெயரும் ஃபெராரியிடமிருந்து சுட்டது). அப்பேர்ப்பட்ட லெமான்ஸ் பெயரை 1988-இல் கொரியாவில் தேவூ செய்த 1.6 லிட்டர் சின்னக் காருக்கு வைத்தார்கள். அந்தக் கார் உங்களுக்கும் தெரியும். அதையே கொஞ்சம் முகம் மாற்றித்தான் 1995-இல் இந்தியாவில் சியல்லோ என்று விற்றார்கள்.

ஆனால் 2004-இல் வந்த ஜிடிஓ விஷயத்தில் நான் ரசிகர்கள் பக்கம் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் மொனாரோதான் அது, 5.7 லிட்டர் வி8, 350 குதிரைசக்தி, பழைய ஜிடிஓவைப் பின்னால் விட்டுவிட்டுப் போகும். பார்க்க அடக்கமாக இருந்தது, அதுதான் குற்றம். வேறு பெயரில் வந்திருந்தால் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்கள், பழைய பெயரில் வந்ததால் பழைய முகத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, 2006-உடன் மூடிவிட்டார்கள்.

அம்பாசடர் என்ற பெயரில் அமெரிக்காவிலும் கார் இருந்ததாமே? (ஆற்காடு வாசகர்)

இருந்தது, நம்முடையதற்கு முன்பே. நாஷ் கம்பெனி வைத்த பெயர், பிறகு ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) கைக்குப் போய் 1974 வரை ஓடியது. நம்முடையது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, 2014-இல் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உற்பத்தி நின்றது, 2017-இல் வெறும் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பெஜோ கம்பெனி வாங்கியது. வேலூர்க்காரர்களுக்கு பெஜோ புதிதில்லை, சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-இல் கிராமங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போனது ஒரு பிரெஞ்சு பெஜோ காரில்தான்.

பெயர்கள் பட்டா மாதிரி கைமாறும். ஹார்னெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 1951-இல் ஹட்சன் ஹார்னெட், பந்தயங்களில் வி8-களை ஆறு சிலிண்டரால் அடித்தது. 1954-இல் ஹட்சனும் நாஷும் சேர்ந்து ஏஎம்சி ஆனது, 1970-இல் ஏஎம்சி அதே பெயரில் ஒரு சின்னக் கார் விட்டது. 1987-இல் ஏஎம்சியை கிரைஸ்லர் விழுங்கியது, பெயரும் கூடவே போய் 2023 மாடலில் கிரைஸ்லர் குடும்பத்து டாட்ஜ் ஹார்னெட் ஆனது, இத்தாலியில் செய்த ஆல்ஃபா ரோமியோ டொனாலே என்ற வண்டியின் கூடப்பிறந்ததாக. மூன்றுக்கும் ஒரு போல்ட்கூடப் பொதுவில்லை.

செவ்ரோலேயின் இம்பாலா இனி வருமா? (வாணியம்பாடி வாசகர்)

1958-இல் பிறந்து, 1965-இல் ஒரே வருஷத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்று, இரண்டு முறை நின்று திரும்பி வந்து, 2020-இல் மறுபடி நின்றது. எம்.ஆர்.ராதா தன் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருங்கள், அது போதும். செவ்ரோலே 2017-உடன் இந்தியாவில் கடையைக் கட்டிவிட்டது.

ஒரு டாட்ஜ் கிங்ஸ்வே விலைக்கு வருகிறது. டீசல் இன்ஜின் மாற்றியது. வாங்கலாமா? (ராணிப்பேட்டை மெக்கானிக்)

அண்ணே, முதலில் அது கிங்ஸ்வேதானா என்று பாருங்கள். பம்பாய் பிரீமியர் கம்பெனி ஏறக்குறைய ஒரே காரைத்தான் டாட்ஜ் கிங்ஸ்வே, பிளிமத் சவாய், டிசோட்டோ டிப்ளமாட் என்று மூன்று பெயரில் விற்றது, முன் கிரில்லும் பெயர் எழுத்தும்தான் மாறும், காலப்போக்கில் எழுத்தைக் கழற்றி மாட்டியவர்கள் நிறைய.

ஓட்டி மகிழ மட்டும் என்றால் டீசல் பரவாயில்லை. ஆனால் 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால் வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, உங்கள் டீசல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 'விஏ' எழுத்தோடு நம்பர், தினசரி ஓட்டமோ வாடகையோ கூடாது. அதனால் பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஷெட்டில் எங்காவது கிடக்கிறதா என்று விற்கிறவரிடம் கேளுங்கள். கிடந்தால் பிளாக்கின் இடது பக்கம் முன்னால், தட்டையாக இருக்கும் இடத்தில் டீசலில் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்து நம்பரைப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் அந்த இன்ஜினையும் சேர்த்து விலை பேசுங்கள், இல்லையென்றால் அவர் சொல்லும் விலையில் பாதிக்கு மேல் போகாதீர்கள்.