பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: 30 வருஷம் கழித்தும் ஏன் மறக்கவில்லை?

“பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கணினி இயங்குதளம்) விளையாட்டுகளில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா மட்டும் ஏன் இன்னும் மனசில் நிற்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் காரணம் நாயகனான இளவரசனின் அந்த நடை. விளையாட்டை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் பார்த்தே ஒவ்வொரு அசைவையும் வரைந்தார். அதனால்தான் இளவரசன் ஓடி நிற்கும்போது ஓரடி சறுக்குவான், விளிம்பில் விரல் நுனியால் தொங்குவான். விளையாட்டு 1989-ல் முதலில் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. ஆடி முடிக்க நம் கையில் 60 நிமிடம்தான். கதவு இடுக்கில் உயிர் போனாலும் கடிகாரம் நிற்காது.

எனக்குப் பிடித்தது நிழல் மனிதன். கணினியின் நினைவகம் போதாததால் இன்னொரு எதிரியைப் புதிதாக வரைய இடமில்லை. சரி என்று இளவரசனின் படங்களையே கொஞ்சம் மாற்றி நிழலாக்கிவிட்டார்கள். நான்காம் கட்டத்தில் கண்ணாடிக்குள் பாய்ந்தால் அவன் மறுபக்கம் வெளியே வருவான். கடைசியில் அவனே வாளோடு எதிரே நிற்பான். அவனை வெட்டினால் நமக்கும் உயிர் குறையும்! வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும், இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதைக் கண்டுபிடித்த மத்தியானம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டரில் என் பின்னால் நின்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அப்புறம், தொலைந்துபோன இந்த விளையாட்டின் மூல நிரல் (மெக்னர் எழுதிய சோர்ஸ் கோட்) 2012-ல் பழைய பிளாப்பிகளில் கிடைத்து, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.