நெகடிவ் சரியாக வருகிறது, ஸ்லைடு ஏன் சொதப்புகிறது?

கேள்வி: பிளாட்பெட் ஸ்கேனரின் பெட்டியில் 'டிமேக்ஸ் 4.0' (ஸ்கேனர் படிக்கக்கூடிய அதிகபட்சக் கறுப்பு) என்று போட்டிருக்கிறது. கலர் நெகடிவ் நன்றாக வருகிறது. ஸ்லைடில் (நேரடியாகவே படமாகத் தெரியும் பாசிட்டிவ் ஃபிலிம்) மட்டும் நிழல் பகுதி முழுக்கப் புள்ளியும் கோடும். ஸ்லைடுக்குத்தானே டைனமிக் ரேஞ்ச் (பதியக்கூடிய வெளிச்ச வீச்சு) குறைவு, அதுதானே ஸ்கேனுக்கு எளிதாக இருக்க வேண்டும்?

பதில்: குறைவுதான், ஆனால் அது படம் எடுக்கும்போது. ஸ்லைடு ஐந்தாறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) வெளிச்சத்தை வாங்கி, திரையில் பளிச்சென்று தெரிய அதைப் பெருக்கிப் பதிகிறது. கலர் நெகடிவ் பத்து ஸ்டாப்புக்கு மேல் வாங்கிச் சுருக்கிப் பதிகிறது. ஸ்கேனர் பார்ப்பது ஃபிலிமின் அடர்த்தியை, அதாவது அது ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதை மட்டுமே.

அடர்த்தி 0.3 கூடினால் ஊடுருவும் ஒளி பாதியாகும்; 3.0 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃபூஜியின் வெல்வியா போன்ற ஸ்லைடு ஃபிலிமின் முழுக்கறுப்பு 3.5-ஐத் தாண்டும். நெகடிவில் ஆரஞ்சு அடித்தளத்தைக் கழித்தால் படம் 2.0-க்குப் பக்கத்திலேயே அடங்கிவிடும். எந்த ஸ்கேனருக்கும் அது எளிது.

பெட்டியில் உள்ள எண்ணை நம்பி வாங்காதீர்கள். பல நிறுவனங்கள் பிட் கணக்கையே (ஒளியளவை எத்தனை படிகளாகப் பிரிக்கலாம் என்பதை) அப்படிப் போடுகின்றன: 12 பிட்டுக்கு 3.6, 14-க்கு 4.2, 16-க்கு 4.8. சென்சாரின் இரைச்சலும் கண்ணாடியில் சிதறும் ஒளியும் அந்தக் கணக்கில் வராது.

நீங்களே சோதிக்கலாம். ஸ்லைடு ரோலின் கடைசியில் படம் விழாத கறுப்புத் துண்டு இருக்கும். அதன் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்து, 16 பிட்டில் ஸ்கேன் செய்து, எடிட்டிங் மென்பொருளின் லெவல்ஸில் நிழலைத் தூக்கி (வெளிச்சமாக்கி) பாருங்கள். அட்டைக்கும் ஃபிலிமுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தக் கறுப்பை ஸ்கேனர் எட்டவில்லை.

கேள்வி: மல்ட்டி சாம்ப்ளிங் உதவுமா?

பதில்: புள்ளிகளுக்கு உதவும். 4 முறை படித்துச் சராசரி எடுத்தால் இரைச்சல் பாதியாகும், 16 முறை என்றால் கால்வாசி. ஆனால் பிளாட்பெட்டில் சென்சார் ஒவ்வொரு முறையும் போய்த் திரும்ப வேண்டும். துல்லியமாக அதே இடத்துக்கு வராததால் படம் மழுங்கும். எனவே நீண்ட எக்ஸ்போஷரில் இன்னொரு ஸ்கேன் எடுத்துச் சேர்க்கும் மல்ட்டி எக்ஸ்போஷரே மேல். அதிலும் இடம் நகரலாம், ஆனால் இரண்டே ஸ்கேன்தான். ஸ்லைடைச் சுற்றியுள்ள காலி இடத்தைக் கறுப்புத் தாளால் மறையுங்கள். இல்லையென்றால் அங்கிருந்து சிதறும் ஒளி நிழலை வெளுக்கச் செய்யும்.

கோடுகள் இதற்கெல்லாம் போகாது. ஃபிலிம் ஹோல்டரின் தலைப்பக்கத்தில் அளவீட்டுக்காக விட்டிருக்கும் திறப்புக்கு நேரே கண்ணாடியில் தூசி இருந்தால், அது படம் நெடுகக் கோடாக ஓடும். முதலில் அதைத் துடையுங்கள். கறுப்புத் தாளும் அந்தத் திறப்பை மறைக்கக் கூடாது.