நேற்று அந்த நிலத்தில் என்ன இருந்தது?

பயிரிலிருந்து எடுக்கும் எரிபொருள் நல்லதா என்பது அது விளையும் நிலத்தைப் பொறுத்தது என்று போன இதழில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்களா! எஞ்சினைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மண் ஆய்வுக்கூடத்திலேயே காலம் தள்ளியவன் நான், மண் பக்கத்துப் பதிலை மட்டும் தருகிறேன்.

கேள்வி: பயிரிலிருந்து வடிக்கும் எத்தனால் எரியும்போது வெளிவரும் கரியமில வாயுவை அடுத்த போகப் பயிர் இழுத்துக்கொள்கிறது. வரவும் செலவும் சரியாகிவிடுகிறதே, நிலத்தை ஏன் இதில் கொண்டுவருகிறீர்கள்? (பொறியியல் மாணவர் ஒருவர்)

பதில்: தம்பி, புகைக்குழாய் வரைக்கும் உங்கள் கணக்கு சரி. தொடக்க இருப்பை எழுத மறந்துவிட்டீர்கள். உலக மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்றில் இருப்பதையும் செடிகொடிகளில் இருப்பதையும் கூட்டினாலும் அந்த அளவு வராது. காட்டையோ புல்வெளியையோ உழுதால், மண் கட்டிகளுக்குள் பத்திரமாகக் கிடந்த மட்கில் காற்றுப் படுகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. இதைத்தான் ‘கார்பன் கடன்’ என்கிறார்கள்.

பெட்ரோல், டீசலுக்குப் பதில் இந்த எரிபொருளை எரிப்பதால் மிச்சமாகும் கார்பனைக் கொண்டு இந்தக் கடன் அடைய எவ்வளவு காலம்? ஜோசப் ஃபார்ஜியோன் குழுவினர் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பிரேசிலின் செராடோ என்ற, மரங்கள் கலந்த புல்வெளியை அழித்துக் கரும்பு போட்டால் 17 ஆண்டுகள். அமெரிக்காவின் மத்தியப் புல்வெளியில் மக்காச்சோளம் என்றால் 93. இந்தோனேசியா, மலேசியாவில் தாழ்நில மழைக்காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை நட்டால் 86. அதே எண்ணெய்ப்பனையை அங்கே பீட் எனப்படும் மட்குச் சதுப்பின் மேல் இருக்கும் காட்டை அழித்து நட்டால் 423! பயிர் ஒன்றுதான், ஆலையிலும் வித்தியாசமில்லை. சதுப்பில் நீரை வடித்துவிட்டால் அந்த மட்கு ஆண்டுக்கணக்கில் சிதைந்துகொண்டே இருக்கும், நிலமட்டமும் இறங்கிக்கொண்டே போகும். ‘பசுமை எரிபொருள்’ என்று யாராவது சொன்னால், நேற்று அந்த நிலத்தில் என்ன இருந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: சரி, காட்டைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே உழுகிற வயலிலேயே எரிபொருள் பயிரைப் போட்டால்? (ஆசிரியை ஒருவர்)

பதில்: அந்த வயலில் விளைந்துகொண்டிருந்த உணவு எங்கே விளையும், டீச்சர்? விலை ஏறும், வேறு எங்கோ ஒருவர் புது நிலத்தைத் திருத்துவார். இதை மறைமுக நிலமாற்றம் என்பார்கள். அமெரிக்க மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் எத்தனால் ஆலைகளுக்குப் போகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகத் திரும்பிவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெட்ரோலில் பயிர் எரிபொருளைக் கலக்கச் சொல்லும் அந்நாட்டுச் சட்டத்தால் மக்காச்சோளப் பரப்பு 8.7 சதவீதம் கூடியது என்றும், அந்த எத்தனால் பெட்ரோலைவிடக் குறைந்தது 24 சதவீதம் கூடுதல் கார்பன் சுமை கொண்டதாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர் டைலர் லார்க்கின் குழு 2022-இல் எழுதியது. மறுத்தவர்களும் உண்டு. கணக்கிடும் மாடலுக்கு மாடல் எண் மாறும். ஆனால் வயலுக்கு வெளியே பாதிப்பே இல்லை என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பாமாயிலை 2030-க்குள் போக்குவரத்து எரிபொருள் இலக்குக் கணக்கிலிருந்து படிப்படியாக நீக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது இந்தக் காரணத்துக்காகத்தான்.

கேள்வி: தானியத்தை விட்டுவிட்டு, வெறும் தட்டையையும் தோகையையும் எடுத்து எரிபொருள் செய்தால் நிலத்துக்கு என்ன நஷ்டம்? அது கழிவுதானே?

பதில்: பெயர் போடாமல் எழுதியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. அந்தக் ‘கழிவு’ வயலில் கிடக்கும்போது என்ன செய்கிறது என்று ஒரு மழையில் போய்ப் பாருங்கள். வெற்று மண்ணில் விழும் துளி மண் கட்டியை உடைக்கிறது. உடைந்த துகள் துளைகளை அடைக்கிறது, மேலே ஓடு கட்டுகிறது. அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. தட்டை மூடியிருந்தால் துளியின் வேகம் அதிலேயே செத்துவிடும். இன்னொன்று, தானியப் பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் (பொட்டாசியம்) பெரும்பங்கு தானியத்தில் இல்லை, தட்டையில்தான் தங்கியிருக்கிறது. தட்டையை வண்டியேற்றினால் அதுவும் சேர்ந்தே போகிறது.

ஒரு பகுதியை எடுக்கலாம். எவ்வளவு என்பது சரிவு, மழை, உழவு மூன்றையும் பொறுத்தது. சமவெளியில், உழாமல் விதைக்கிற வயலில் எடுக்கக்கூடிய அளவை, சரிவில் ஆழ உழுகிற வயலில் எடுத்தால் அநியாயம். பிரேசிலில் கரும்பை வெட்டுமுன் தோகையைக் கொளுத்துவது வழக்கமாக இருந்தது. சாவோ பாவ்லோ மாநிலம் 2002-இல் சட்டம் போட்டு அதைப் படிப்படியாக நிறுத்தவைத்தது. இயந்திர அறுவடை வந்தபின் தோகை நிலத்திலேயே தங்குகிறது, ஒரு ஹெக்டேருக்கு 10 டன்னுக்கு மேல் கூட. இப்போது அந்தத் தோகையையும் கொதிகலனுக்குக் கேட்கிறார்கள்! வடிசாலைக் கழிவுநீர் வயலுக்குத் திரும்புகிறது. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 10 லிட்டருக்கு மேல் சேரும், சாம்பல் சத்து நிறைய. அளவுக்கு மீறி விட்டால் உப்பு சேரும், நிலத்தடி நீரும் கெடும்.

கேள்வி: தரிசு நிலத்தில், டீசலுக்கான எண்ணெய் தரும் காட்டாமணக்கு போடலாமா?

பதில்: போடலாம், சாகாது. வறட்சியில் சாகாத செடி வறட்சியில் காய்க்கும் என்று 2000-களில் பல நாடுகள் நம்பின. தண்ணீரும் உரமும் இல்லாத இடத்தில் விளைச்சல் கைகொடுக்கவில்லை. காகிதத்தில் ‘தரிசு’ என்று இருந்த பல இடங்களில் யாரோ ஆடு மாடு மேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கேள்வி: எந்த எரிபொருள் பயிரைத்தான் ஐயா நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?

பதில்: பல்லாண்டுப் புல் வகைகளை. மிஸ்காந்தஸை ஒருமுறை நட்டால் 15, 20 ஆண்டுகள் மறுபடி உழ வேண்டாம். குளிர் நாடுகளில் இலை பழுக்கும்போது தழைச்சத்தை (நைட்ரஜன்) கீழே கிழங்குத் தண்டுக்கு இறக்கிவிடும். காய்ந்த தண்டைக் குளிர்காலம் முடிகிற சமயத்தில் அறுத்தால் சத்து மண்ணுக்குள்ளேயே இருக்கும், உரம் குறைவாகப் போதும். உரம் குறைந்தால் மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவும் குறையும். வெப்பமேற்றுவதில் அது கரியமில வாயுவைப் போல சுமார் 270 மடங்கு. சுவிட்ச்கிராஸ் என்ற இன்னொரு பல்லாண்டுப் புல்லின் வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கும். அப்படிப்பட்ட வேர்கள் தொங்கும் குழிக்குள் நின்று மாதிரி எடுப்பது எனக்குப் பிடித்த வேலை.

அதற்காக எங்கும் நட்டுவிடாதீர்கள். ஆண்டுதோறும் உழுது தேய்ந்த வயலில் நட்டால் மண் கார்பன் ஏறும் வாய்ப்பு அதிகம். நல்ல மேய்ச்சல் நிலத்தை உடைத்து நட்டால் முதலில் இறங்கும். ஈர மண்ணில் கனமான அறுவடை இயந்திரம் ஏறினால் அடிமண் இறுகும், அந்த இறுக்கம் லேசில் போகாது.

கேள்வி: எங்கள் மண் மேம்படுகிறதா கெடுகிறதா என்று நாங்களே எப்படிக் கண்டுபிடிப்பது? (நில உரிமையாளர்)

பதில்: நடுவதற்கு முன்பே மாதிரி எடுங்கள். மேல் 30 சென்டிமீட்டரோடு நிறுத்தாமல் முடிந்தால் ஒரு மீட்டர் வரை போங்கள். கார்பன் சதவீதம் மட்டும் போதாது, மண்ணின் அடர்த்தியையும் அளக்கச் சொல்லுங்கள். மண் இறுகினாலோ இளகினாலோ அதே சதவீதம் வேறு எடையைக் காட்டும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே இடத்தில், அதே ஆழத்தில், அதே பருவத்தில் திரும்ப எடுங்கள். ஒரே ஆண்டில் வித்தியாசம் காட்டுவதாக யாராவது சான்றிதழ் நீட்டினால் அந்தத் தாளை எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துப் பார்க்க ஆசை.