ரன்னிங் பேக் ஆடும் மகனுக்கு எந்தப் பல்கலைக்கழகம்?

கேள்வி: நாங்கள் டாலஸ் நகருக்கு அருகே வசிக்கிறோம். அமெரிக்காவிலேயே பிறந்த எங்கள் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில், பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்காக ஆடுகிறான். மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகம் உதவித்தொகை இல்லாமல் அணியில் இடம் மட்டும் தருவதாகச் சொல்கிறது. நடுத்தர அணி ஒன்று முழு உதவித்தொகை தருகிறது. படிப்புக்குப் பெயர்பெற்ற ஐவி லீக் பல்கலைக்கழகம் ஒன்றின் பயிற்சியாளரும் தொடர்ந்து பேசி வருகிறார். மகனுக்கு இயந்திரப் பொறியியல் படிக்கவும் ஆசை, தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எப்.எல்.லில் ஆடவும் ஆசை. எங்களுக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டு தெரியாது. எதைத் தேர்ந்தெடுப்பது? அடிபட்டால் என்ன ஆகும்?

பதில்: கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் மைதான ஓரத்தில் உடலியக்கச் சிகிச்சையாளராக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த விளையாட்டில் மிகவும் அடிவாங்குகிற இடங்களில் ஒன்று ரன்னிங் பேக். கபடியில் பாடிப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரணி முழுவதும் அவர் ஒருவரைப் பிடிக்கக் காத்திருக்கும். ரன்னிங் பேக்கின் நிலையும் அதுதான். ஆனால் அவரைப் பிடிக்க வருகிறவர்களில் சிலர் நூற்று முப்பது கிலோ எடையுள்ளவர்கள், ஓடிவந்து மோதுகிறவர்கள். ஒரு போட்டியில் இருபது முறை பந்தை வாங்கி ஓடினால், ஏறக்குறைய இருபது முறையும் ஓட்டம் தரையில்தான் முடியும்.

ஆகவே இந்த இடத்தில் ஆடுகிறவரின் உடலுக்கு ஓட்டங்களின் எண்ணிக்கை ஒரு கையிருப்பு; ஓட ஓடக் குறையும். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன் ஜென்டி 14 போட்டிகளில் 374 முறை பந்தைத் தூக்கி 2,601 யார்டுகள் ஓடினார். ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸ் 1988இல் வெறும் 11 போட்டிகளில் எடுத்த 2,628 யார்டுகள் என்ற சாதனையை அவர் 27 யார்டுகளில் தவறவிட்டார். அத்தனை பெரிய பருவத்தின் பலன், என்.எப்.எல். அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டில் ஆறாவது ஆளாக லாஸ் வேகஸ் ரைடர்ஸ் அணியில் கிடைத்தது. ஆனால் அவர் விதிவிலக்கு. 2022இலும் 2024இலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எந்த அணியும் எடுக்கவில்லை. பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்களில் என்.எப்.எல். வரை போகிறவர்கள் ஏறக்குறைய 1.6 சதவீதம் என்று பல்கலைக்கழக விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே சொல்கிறது. அப்படிப் போகும் ரன்னிங் பேக்குகளும் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாகவே ஆடுகிறார்கள் என்பதே பொதுவான கணக்கு.

இதை உங்கள் மகனின் ஆசையில் மண் அள்ளிப் போடுவதற்காகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆடும் நான்கைந்து ஆண்டுகளை என்.எப்.எல்.லுக்கான காத்திருப்பு அறையாகப் பார்க்காமல், அதையே ஒரு முழுமையான விளையாட்டு வாழ்க்கையாகப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டானல் பம்ஃப்ரி 2016இல் தன் கடைசிப் பருவத்தை முடித்தபோது அவர் கணக்கில் 6,405 யார்டுகள் இருந்தன. அணிகளைப் பிரிவுகளாக வகுத்திருக்கும் என்.சி.ஏ.ஏ.வின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில், முதல் பிரிவின் மேல்தட்டான எஃப்.பி.எஸ்.ஸின் உச்சச் சாதனை அது. விஸ்கான்சினின் ரான் டேன், பருவ முடிவில் நடக்கும் பௌல் போட்டிகளையும் சேர்த்தால் அதைவிட அதிகம் ஓடியவர் என்ற வாதம் இன்றும் உண்டு. பம்ஃப்ரியை ஃபிலடெல்ஃபியா அணி நான்காம் சுற்றில் எடுத்தது; ஆனால் வழக்கமான பருவப் போட்டி ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. அதற்காக அவருடைய பல்கலைக்கழக வாழ்க்கை தோற்றுப்போனதாக யாரும் சொல்ல முடியாது.

இனி அடிபடுவதைப் பற்றி. தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் மார்கஸ் லாட்டிமோர் 2010இல் முதலாண்டிலேயே 1,197 யார்டுகள் ஓடியவர். 2011இல் இடது முழங்காலின் தசைநார் கிழிந்தது. மீண்டு வந்தார். 2012 அக்டோபர் 27 அன்று டென்னசி அணிக்கு எதிரான போட்டியில் வலது முழங்கால் மூட்டே விலகி, பல தசைநார்கள் ஒருசேர அறுந்தன. இரு அணி வீரர்களும் மைதானத்துக்குள் வந்து அவரைச் சூழ்ந்து நின்றார்கள். சான் பிரான்சிஸ்கோ அணி 2013இல் அவரை நான்காம் சுற்றில் எடுத்தும், ஒரு போட்டிகூட ஆடாமல் 2014இல் 23 வயதில் ஓய்வு பெற்றார். இதற்கு நேர்மாறாக, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் நிக் சப் 2015இல் இடது முழங்காலில் அதைப் போன்ற பெருங்காயம் பட்டு, அடுத்த ஆண்டின் முதல் போட்டியிலேயே 222 யார்டுகள் ஓடினார். பிறகு கிளீவ்லாந்து அணியில் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தார்.

இரண்டு முடிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் விதியின் பங்கு கொஞ்சம் இருக்கலாம். எந்தத் தசைநார் அறுந்தது, நரம்பும் இரத்தக்குழாயும் தப்பினவா, மறுவாழ்வுப் பயிற்சிக்கு எவ்வளவு காலம் பொறுத்தார்கள் என்பவற்றின் பங்கு அதிகம். அடிபட்ட பையனின் முழங்காலை மைதானத்திலேயே சற்று மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கெண்டைக்காலை மறு கையால் முன்னோக்கி இழுத்துப் பார்ப்போம். நல்ல காலில் அந்த இழுவை ஒரு புள்ளியில் கயிறு விறைத்ததுபோல் சட்டென்று நிற்கும். ஏ.சி.எல். என்னும் முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் அறுந்த காலில் அந்த நிறுத்தம் இருக்காது; எலும்பு மெத்தென்று முன்னே வந்துகொண்டே இருக்கும். அதன்பின் அறுவைச் சிகிச்சையும் ஒன்பது மாதங்கள் முதல் ஓராண்டு வரையிலான பயிற்சியும். ஆறு மாதத்தில் ஆட வைக்கிறோம் என்று பெருமை பேசும் அணியைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள்.

காயத்துக்கான செலவைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு. முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் அனைத்தும், ஆடும்போது பட்ட காயத்துக்கு, வீரர் விலகிய பின்னும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்ற விதி 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிரந்தர ஊனத்துக்கான தனிக் காப்பீடு டிராஃப்டில் மேல்சுற்றுகளில் போகக்கூடியவர்களுக்கே பொருந்தும். மயாமியின் வில்லிஸ் மெக்கஹி 2003 ஜனவரி ஃபியஸ்டா பௌல் போட்டிக்குச் சற்று முன்புதான் 25 லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுத்தார். அந்தப் போட்டியிலேயே முழங்கால் கிழிந்தது. உங்கள் மகனுக்கு இப்போது அந்தக் கவலை வேண்டாம்.

மூன்று அழைப்புகளுக்கு வருவோம். உதவித்தொகை இல்லாத இடத்தை ‘வாக்-ஆன்’ என்பார்கள். பெரிய அணியின் சட்டையை அணியும் பெருமை பதினேழு வயதுக்குப் பெரிது என்பதை நான் அறிவேன். ஆனால் வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் கால்பந்து அணியில் 105 பேரை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். முன்பு 120 பேர் வரைகூட வைத்திருந்த அணிகள் ஆட்களைக் குறைத்தபோது முதலில் ஆட்டம் கண்டது வாக்-ஆன் இடங்கள்தான். அத்துடன், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக மற்றப் பல்கலைக்கழகங்களில் தேர்ந்த ரன்னிங் பேக்குகளைப் பெரிய அணிகள் ஆண்டுதோறும் அழைத்துக்கொள்கின்றன. கட்டணம் கட்டி, உடம்பையும் கொடுத்து, களமிறங்க வாய்ப்பில்லாத அந்த இடத்தை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன்.

நடுத்தர அணியை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். மேலே சொன்ன ஜென்டி உங்கள் பக்கத்தில் ஃப்ரிஸ்கோவில் பள்ளிப் படிப்பை முடித்தவர்தான். பாய்சியும் பெரிய மாநாடு எனப்படும் அணிக் கூட்டமைப்புகளில் ஒன்றைச் சேர்ந்ததல்ல. லடேனியன் டாம்லின்சன் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது அதுவும் பெரிய மாநாட்டில் இல்லை. 2000இல் 2,158 யார்டுகள் ஓடி, அடுத்த ஆண்டு டிராஃப்டில் ஐந்தாவது ஆளாகப் போனார். ஆஸ்டின் எக்லர் இரண்டாம் பிரிவில் உள்ள வெஸ்டர்ன் கொலராடோவில் ஆடி, டிராஃப்டில் எவரும் எடுக்காத நிலையில் என்.எப்.எல்.லில் நுழைந்தவர். திறமை இருந்தால் தேடி வருவார்கள். இந்த அழைப்பில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று: உதவித்தொகை ஓராண்டுக்கா, நான்கு ஆண்டுகளுக்கா, காயத்தினால் ஆட முடியாமல் போனாலும் தொடருமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பயிற்சியாளரின் வாய்ச்சொல் எவரையும் கட்டுப்படுத்தாது. அவரே அடுத்த ஆண்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாம்.

ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவி தருவார்கள். இதில் ஒரு பெரிய நன்மை ஒளிந்திருக்கிறது: மகன் அடிபட்டோ சலித்தோ ஆட்டத்தை விட்டாலும் அந்த உதவி பறிபோகாது. பருவப் பயிற்சிகளில் முழு மோதலுடன் வீழ்த்திப் பழகுவதை 2016இலேயே நிறுத்திய மாநாடு அது. தலைக்காயத்தைப் பற்றிக் கவலைப்படும் எனக்கு இது மிகவும் முக்கியம். யேலில் படித்த கால்வின் ஹில் 1969இல் உங்கள் ஊர் டாலஸ் அணியின் முதல் சுற்றுத் தேர்வாகி, அந்த ஆண்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் என்ற பெயரும் பெற்றார். ஆனால் வீட்டில் இருவரும் நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள் என்றால் உதவி மிகக் குறையலாம், செலவு ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டலாம். பயிற்சியாளரிடம் சொல்லி, எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற உதவித்தொகை அலுவலகத்தின் முன்கணிப்பைக் கேட்டு வாங்குங்கள். தயங்க வேண்டாம், கேட்பது வழக்கம்தான்.

விதிகளில் சிலவற்றை நினைவில் வையுங்கள். முதல் பிரிவில் ஆட, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 2.3 சராசரியும் தேவை. 16இல் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும். ஆகவே இப்போதே பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது நெடுநாளைய விதி. முதலாண்டில் நான்கு போட்டிகளுக்கு மேல் ஆடாவிட்டால் அந்தப் பருவம் கணக்கில் வராது, அதை ‘ரெட்ஷர்ட்’ என்பார்கள். ஐவி லீக்கில் இந்த வசதி இல்லை. பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் என்.எப்.எல். டிராஃப்டில் நுழைய முடியாது. ஓஹையோ ஸ்டேட்டின் மாரிஸ் கிளாரெட் இதை எதிர்த்து 2003இல் வழக்குத் தொடுத்து, 2004இல் மேல்முறையீட்டில் தோற்றார்.

2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம். ஹவுஸ் சமரசத்துக்குப் பின் பல்கலைக்கழகமே நேரடியாகவும் தரலாம். உங்கள் மகன் குடிமகன் என்பதால் தடையில்லை. எச்-4 அல்லது எஃப்-1 விசாவில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் மட்டும், ஒரு டாலர் வாங்குவதற்கு முன்பும் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விசா நிலையே பாதிக்கப்படலாம்.

பொறியியல் படிப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று விதி சொல்கிறது. சிகிச்சை, பயணம், காணொளி பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் அது எங்கோ போய்விடும். பிற்பகல் ஆய்வகமும் பயிற்சியும் மோதும்போது, வேறு பாடத்துக்கு மாறிக்கொள் என்று மெல்லச் சொல்லும் அணிகள் உண்டு. அணியில் இப்போது எத்தனை பேர் பொறியியல் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் இல்லை என்றால் அதுவே பதில்.

இந்த நிலையில் என் முடிவு இது: ஐவி லீக்கின் முன்கணிப்பு உங்களால் தாங்கக்கூடியதாக இருந்தால் அங்கே அனுப்புங்கள். இல்லாவிட்டால், நல்ல பொறியியல் துறை இருக்கும்பட்சத்தில் முழு உதவித்தொகை தரும் இடத்துக்கு அனுப்புங்கள்.

எங்கே போனாலும், ஒரே ஆள் மீது எல்லா ஓட்டங்களையும் சுமத்தாத அணி நல்லது. ஜார்ஜியாவில் நிக் சப்பும் சோனி மிஷெலும் பந்தைப் பங்கிட்டுக்கொண்டே ஆடினார்கள். 2018 டிராஃப்டில் மிஷெல் 31ஆவதாகவும் சப் 35ஆவதாகவும் போனார்கள். பேரி சாண்டர்ஸே முதல் இரண்டு ஆண்டுகள் தர்மன் தாமஸுக்குப் பின்னால் நின்றவர்தான். முதலாண்டில் மகன் வெளியே உட்கார்ந்திருந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் காரணம் ஓட்டத்தில் இருக்காது, தடுப்பில் இருக்கும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும் எதிரணித் தடுப்பாட்டக்காரரான லைன்பேக்கர் எந்த இடைவெளியில் நுழைவார் என்று ஒரு நொடியில் கண்டு, குனிந்து, அவர் மார்பில் இரு கைகளையும் வைத்து நிறுத்தத் தெரியாத பையனை எந்தப் பயிற்சியாளரும் நம்பி இறக்க மாட்டார். பந்தைப் பிடிப்பதும் அப்படியே: விரல்கள் பந்தின் கூர்முனையை மூட, முன்கையும் முழங்கையின் உள்மடிப்பும் விலா எலும்பும் சேர்ந்து அதை அணைக்க வேண்டும். நான்கில் ஒன்று தளர்ந்தாலும் பந்து கைநழுவிவிடும்.

பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகும் நாளில் அரங்கத்தையும் அலங்கார அறைகளையும் காட்டுவார்கள். நீங்கள் சிகிச்சை அறையைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே முழங்கால் கட்டுடன் உட்கார்ந்திருக்கும் மூன்றாமாண்டு மாணவர் யாராவது இருந்தால், பயிற்சியாளர்கள் அருகில் இல்லாதபோது அவரிடம் மகனைத் தனியாகப் பேச விடுங்கள். அடிபட்ட பின் எத்தனை பேர் அவரைப் பார்க்க வந்தார்கள், வகுப்புகளுக்கு எப்படிப் போனார், மீண்டும் ஆடலாம் என்று முடிவு செய்வது மருத்துவரா பயிற்சியாளரா என்ற மூன்றையும் அவன் கேட்டு வரட்டும்.